கோவமில்லாத கை

சன்னல் பக்கம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்குக் காத்து வேண்டாம்.

வள்ளியூர் டிக்கெட்டுதான எடுத்தீங்க? கண்டக்டர்கிட்ட நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. அதான் முன் சீட்டுல இருந்து எந்திரிச்சு இங்க வந்துட்டேன். சொந்த ஊரே அதுதானா? ரொம்ப நல்லதாப் போச்சு. அங்க பழைய தபாலாபீஸுக்குப் பக்கத்துல பொம்பளைகளே சேந்து நடத்துத தையக்கடை ஒண்ணு இருக்காமே, தெரியுமா? உங்க மகளுக்கே அங்கதான் ஜாக்கெட்டு தைக்காகளா? பாத்தீங்களா, எங்க குரு ஐயா எப்படிக் கொண்டாந்து சேத்து வைக்காகன்னு.

எஞ் சம்சாரம் செம்பகம் அங்கதான் இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன். அவ போயி ஒரு வருசமாச்சு. வாற ஞாயித்துக்கெழமை எங்க மன்றத்துல ஆண்டு விழா. அன்னைக்கு அவ மேடை ஏறி நாலு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டான்னா எம் பொழைப்பு நேராயிரும். இல்லன்னா சாவுற வரைக்கும் செருப்புக்கு டோக்கன் குடுத்துட்டுக் கெடக்க வேண்டியதுதான்.

என்ன முழிக்கீங்க. சொல்லுதேன். களக்காடே இன்னும் வரலை, நேரங் கெடக்கு.

தெளிநிலை மன்றம் தெரியும்லா? பஸ்ஸுக்குப் பின்னாடியெல்லாம் ஒட்டியிருக்கும். நீல போர்டு, நடுவுல ஒரு கை, உள்ளங்கையில ஒரு வெளக்கு. அதேதான். அந்தக் கை யாரு கைன்னு நெனச்சீங்க? இந்தா, பாருங்க. பெருவெரலுக்குக் கீழ இந்தத் தழும்பு இருக்கா? போர்டுலயும் இருக்கும். டெல்லியில ஒரு கிளை, சிங்கப்பூருல ஒரு கிளை, எல்லா வாசல்லயும் இந்தக் கைதான் நிக்கி. என்னையச் செருப்புக் கொட்டகைக்கு அனுப்பிட்டாக, கையை மட்டும் எடுக்க முடியலை. எப்படி எடுப்பாக?

எம் பேரு கோமதிநாயகம். அம்பை பஸ் ஸ்டாண்டுல லோடு எறக்குத சங்கத்துல இருந்தேன். மத்தவன் மூட்டை தூக்குவான், நான் ஆளைத் தூக்குவேன். ஒருத்தன் எங்க லோடுல கை வச்சான்னு தாடையில ஒண்ணு குடுத்தேன், மூணு மாசம் கஞ்சியை உறிஞ்சித்தான் குடிச்சான். அம்புட்டுக் கோவம் எனக்கு. வீட்டுலயும் அப்படித்தான். கொழம்புல உப்புக் கூடுனா அடி, கொறஞ்சா அடி. ஒரு நாளு கதவுக்குக் குடுக்குத கட்டையை எடுத்து வீசுனேன், செம்பகத்துக்கு இடது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. இன்னைக்கும் அந்தக் கையால ஒரு கொடத்தைத் தூக்க மாட்டா. இதை நான் மறைக்கதே கிடையாது அண்ணாச்சி. ஆயிரம் மேடையில சொல்லியிருக்கேன்.

அவதான் என்னைய ஐயாகிட்டக் கூட்டிட்டுப் போனா. அதை மறக்கப்படாது. ஐயா அப்ப கரண்டு ஆபீஸ்ல இஞ்சினியரு. சாயங்காலம் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில பத்துப் பேரை வச்சு வகுப்பு எடுப்பாக. நான் போனதும் பதினொண்ணு. இன்னைக்கு அந்த மன்றத்துல எத்தனை லட்சம் பேருன்னு அவுகளுக்கே தெரியாது. ஆனா அந்த மொட்டை மாடியில பதினோராவது பாய் என் பாய். இதை யாரு இல்லங்க முடியும்?

நான் போயி உக்காந்ததும் ஐயா என் கையைப் பிடிச்சுப் பாத்தாக. "இந்தக் கை பாவம் பண்ணலை, கோமதி. கோபம்தான் பண்ணுச்சு. கோபத்தை விட்டுருங்க, கை சுத்தமாயிரும்"னாக. எனக்கு அழுகையா வந்துட்டு. அதுவரைக்கும் என்னைய 'நீங்க'ன்னு சொன்ன ஒரே ஆளு போலீஸ்ல ரைட்டரு. அதுவும் கிண்டலுக்கு.

பொறவு மூச்சு சொல்லிக் குடுத்தாக. நாலு எண்ணி இழுக்கணும், ரெண்டு எண்ணி நிறுத்தணும், ஆறு எண்ணி விடணும். வாயால எண்ணப்படாது. பெருவெரலு இருக்குல்லா, அதை மத்த வெரலோட கணுவுல ஒவ்வொண்ணா வச்சு வச்சு எண்ணணும். இந்தா, இப்படி. நாலு, ரெண்டு, ஆறு. அம்புட்டுதான். இந்தச் சின்ன விசயத்துலதான் அம்புட்டுப் பெரிய மன்றமும் நிக்கி.

ஒரு மண்டலம் செஞ்சேன். கோவம் போயிட்டு. நெசமாவே போயிட்டு அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் எங்கம்மாவைச் சேத்து வைதான், நான் பாட்டுக்கு நின்னுட்டு இருக்கேன். அவன் பயந்துட்டான். ஊரே வந்து பாத்துச்சு. கோமதிநாயகத்துக்கே கோவம் போயிட்டுன்னா இதுல என்னமோ இருக்குன்னுட்டு மறு வாரம் மொட்டை மாடியில நாப்பது பேரு. அடுத்த மாசம் கல்யாண மண்டபம். அனுபவம் சொல்லுததுன்னு எங்க மன்றத்துல ஒரு முறை உண்டு. வகுப்பு முடிஞ்சதும் ஒருத்தர் எந்திரிச்சு, நான் இப்படி இருந்தேன், இப்படி ஆனேன்னு சொல்லணும். சொல்லி முடிச்சதும் அம்புட்டுப் பேரும் கண்ணை மூடி மூச்சு எடுப்பாக. கைதட்டுக்குப் பதில் அது.

எந்த ஊருல புதுசா வகுப்பு ஆரம்பிச்சாலும் மொத அனுபவம் என்னோடதுதான். நான் கதவுக்கட்டை கதையைச் சொல்லுவேன். செம்பகம் பக்கத்துல மஞ்சச் சேலை கட்டிக் கும்பிட்டுட்டு நிப்பா. பேச மாட்டா. பேசச் சொன்னதும் இல்ல. அந்த மணிக்கட்டைப் பாத்தாலே சனங்க அழுதுரும். கடைசியில ஐயா வந்து என் வலது கையைத் தூக்கிப் பிடிப்பாக. அதைப் போட்டோ எடுத்துத்தான் போர்டு போட்டாக.

தள்ளி உக்காராதீங்க, இடம் இருக்கு. கடலை மிட்டாய் எடுத்துக்கோங்க. வேண்டாமா? சரி.

மன்றம் வளந்துச்சு. மலையடிவாரத்துல இடம் வாங்குனோம். ஒரு பெரிய காரியம் வளரும்போது நாலு தடை வரத்தான செய்யும்? ரோட்டுல இருந்து உள்ள போற பாதை வாழைக்காரர் ஒருத்தரு வயல் வழியாப் போவுது. தங்கச்சாமின்னு பேரு. தர மாட்டேன்னுட்டாரு. ஐயா என்னையக் கூப்பிட்டாக. "பாதை ஒரு தடையா இருக்கு, கோமதி. அவர் மேல நமக்குக் கோபம் கூடாது, என்ன?"ன்னாக. அம்புட்டுதான் சொன்னாக. அவுக வாயில இருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்ததே கிடையாது.

நான் போனேன். அவரு வாழைக்குத் தண்ணி பாச்சிட்டு இருந்தாரு. என்னையப் பாத்ததும் சிரிச்சாரு. "வாங்க கோமதி, உங்க பேச்சை நானும் கல்லிடைக்குறிச்சியில கேட்டேன்லா, நல்லாப் பேசுதீங்க"ன்னாரு. வரப்புல கடப்பாரை கெடந்துச்சு. நான் நின்னு எண்ணுனேன். நாலு, ரெண்டு, ஆறு. மனசு கெணத்துத் தண்ணி கணக்கா இருக்கு. குனிஞ்சு கடப்பாரையை எடுத்தேன். அவரு, "என்ன, எனக்கு வாய்க்கா வெட்டித் தரப் போறீங்களா?"ங்காரு. வலது முட்டியில ஒரு அடி. விழுந்த பொறவு இடது முட்டியில ஒரு அடி. ரெண்டே ரெண்டுதான். பழைய கோமதிநாயகமா இருந்தா இருவது அடி அடிச்சிருப்பேன். பொறவு அவரு துண்டையே மடிச்சுத் தலைக்கு வச்சு, வாய்க்கா தண்ணியை அள்ளி வாயில விட்டேன். ஆளு ஓடக்கூட இல்ல அண்ணாச்சி. அடிக்கப் போறேன்னே அவருக்குத் தெரியலை. முட்டி ஒடைஞ்ச பொறவும் என் மொகத்தைத்தான் பாத்துட்டுக் கெடந்தாரு.

அடுத்த மாசம் பாதை வந்துட்டு. போலீஸ் கேஸு ஒண்ணும் ஆவலை. அவரே ஏணியில இருந்து விழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு.

திருச்செந்தூர்ல சூரசம்ஹாரம் பாத்திருப்பீங்க. முருகன் மொகத்துல கோவமா இருக்கு? சிரிச்ச மொகம்லா. அந்த மாதிரின்னு வச்சுக்கோங்க. அதுக்குப் பொறவு ஒரு ஏழெட்டு வேலை செஞ்சேன். மன்றத்தைப் பத்தி நோட்டீஸ் போட்ட ஒரு பய இருந்தான். எழுதுத கையை அவன் வீட்டு நெலைப்படியில வச்சுக் கதவைச் சாத்துனேன். பையத்தான் சாத்துனேன். அவன் அம்மா கத்துனதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு. ராத்திரி வந்து படுத்தா சொகமா ஒறக்கம் வரும். முன்னால எவனையாவது அடிச்சா ரெண்டு நாளு கை நடுங்கும், சோறு எறங்காது. இப்ப ஒண்ணும் இல்ல. இதுதான் ஐயா பெருமை.

என்ன கேட்டீங்க? செம்பகத்தையா? அதைத்தான சொல்லிட்டு வாறேன். வகுப்புக்குப் போன நாள்ல இருந்து ஒரு தடவைகூடக் கோவத்துல அவளை அடிச்சதில்ல. சத்தியமா.

கோவத்துலன்னுதான சொன்னேன்.

நீங்க குடும்பஸ்தரு, உங்களுக்குத் தெரியாததா. ஒரு நாளு அவ தங்கச்சாமி வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில குழம்பு கொண்டு போயிருக்கா. அந்தாளு பொஞ்சாதி சண்முகத்தாய் காலைப் பிடிச்சு அழுதிருக்கா. எதுக்குன்னு கேட்டேன். "அவுக ரெண்டு காலும் போச்சே"ங்கா. எம் பொஞ்சாதி போயி ஒருத்தி காலைப் பிடிச்சா மன்றத்துக்குப் பேரு என்ன ஆவும்? அதைத் திருத்தணும்லா? அவ அடுப்படியில தோசை ஊத்திட்டு இருந்தா. நான் நெலையில சாஞ்சு நின்னு எண்ணுனேன். அவ, "இன்னொண்ணு வைக்கட்டா?"ன்னு கேட்டுட்டுத் திரும்புதா. அவ கையில இருந்த சட்டுவத்தை வாங்குனேன். சிரிச்சுட்டேதான் குடுத்தா. சூடா இருந்துச்சு அது.

கழுத்துல ஒரு தழும்பு இருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டா தெரியாது. அதுக்குப் பொறவு நாலஞ்சு தடவை இருக்கும், கூடப் போனா பத்து. எல்லாம் அவளைத் திருத்துததுக்குத்தான். அடிச்சுட்டு மருந்தும் நானே போட்டு விடுவேன். வையவே மாட்டேன். எந்த வீட்டுல இப்படி உண்டு, சொல்லுங்க.

களக்காடு வந்துட்டு. எறங்கி டீ குடிக்கணுமா? வேண்டாம், பஸ்ஸு உடனே எடுத்துருவான். உக்காருங்க.

போன வருசம் ஆண்டு விழா. பந்தலு மலை வரைக்கும் போட்டிருக்கு. எட்டாயிரம் பேரு, டி.வி.க்காரன் வேற. மன்றத்துக்குப் புதுசா மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா வந்திருந்துச்சு, டிரஸ்டைப் பாத்துக்கிடுதது. அதுதான் கெடுத்துச்சு. "எப்பவும் இவரே பேசினா எப்படி, இந்தத் தடவை மனைவி பேசட்டுமே. பெண்கள் கேட்டா உருகிடுவாங்க"ன்னுச்சு. ஐயாவும் சிரிச்சாக. சரின்னாக. நான் செம்பகத்தைப் பாத்தேன். அவ தலையை ஆட்டுனா. நானும் எங்கதையைத்தான் சொல்லப் போறான்னு நெனச்சேன்.

மைக்கைப் பிடிச்சா. அந்த இடது கையாலதான் பிடிச்சா. அவ சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம் அண்ணாச்சி. அப்படியே சொல்லுதேன்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் போயிட்டுன்னு சொல்லுதாகள்லா, அது நெசந்தான். முன்னால அவுகளுக்குக் கோவம் வந்தா காது செவக்கும். பல்லைக் கடிப்பாக. சைக்கிளை எத்துவாக. அந்தச் சத்தம் கேட்டதும் நான் கொல்லை வழியா மரியம் அக்கா வீட்டுக்கு ஓடிருவேன். பத்து தடவைக்கு எட்டு தடவை தப்பிச்சிருவேன். இப்ப காது செவக்கதில்ல. பல்லைக் கடிக்கதில்ல. எப்ப அடிப்பாகன்னே தெரியலை. ஒரு தடவைகூட ஓட முடியலை. ஐயா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அந்தக் கோவத்தை எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க."

எட்டாயிரம் பேரும் மூச்சு விடலை. ஐயாவைப் பாத்தேன். அவுக மொகத்துல ஒரு சுருக்கமும் இல்ல. அவுகதான் ஐயா. மைக்கை வாங்கி, "ஒரு பெண்ணின் வேதனை பேசுகிறது. இதையும் கடப்போம். எல்லாரும் கண்ணை மூடி மூச்சை இழுங்க"ன்னாக. வழக்கம் அதுதான. அனுபவம் சொல்லி முடிச்சா மூச்சு.

எட்டாயிரம் பேரு ஒண்ணா மூச்சை இழுத்தா எப்படி இருக்கும்னு நீங்க கேட்டதில்லையே. பந்தலே ஏறி எறங்குத மாதிரி இருக்கும். நானும் கண்ணை மூடியிருந்தேன். நாலு எண்ணுனேன், ரெண்டு எண்ணுனேன். தடார்னு ஏதோ விழுந்துச்சு. எங்க வழக்கத்துல பாதியில கண்ணைத் தொறக்கப்படாது. ஆனாலும் தொறந்தேன். செம்பகம் மேடையில குத்த வச்சு, ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திட்டு இருக்கா. எட்டாயிரம் பேரும் அவளை அடிக்கப் போறதா நெனச்சுட்டா போல. பைத்தியக்காரி. ஒருத்தர் கண்ணும் தொறக்கலை. நானும் முறை தப்பப்படாதுன்னு திரும்பக் கண்ணை மூடி ஆறு எண்ணி விட்டேன். முழிச்சுப் பாக்கேன், மைக்கு மட்டும் கெடக்கு. சமையக்கட்டு வழியா வெறுங்காலோட ஓடியிருக்கா. எட்டாயிரம் பேரு இருந்து ஒருத்தரும் பாக்கலை அண்ணாச்சி.

மறுநாளு ஐயா என்னையப் பாக்கலை. அந்த மெட்ராஸ் அம்மாதான் வந்து, "நீங்க கொஞ்ச நாள் காலணி சேவையில இருங்க"ன்னுச்சு. பதினோராவது பாய்க்காரன் நான். என்னையச் செருப்பு அடுக்க வச்சுட்டாக. ஒரு வருசமா ஐயா அந்த வழியாத்தான் போறாக, வாறாக. ஒரு தடவை நின்னு, கோமதின்னு ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு அதுதான் தாங்கலை. அவ ஓடுனதுகூட இல்ல, இதுதான்.

முந்தாநாளு மனசுல பட்டுச்சு. அவ ஞாயித்துக்கெழமை வந்து, அன்னைக்கு எனக்குப் புத்தி பேதலிச்சிருந்துச்சு, அவுக என்னையத் தொட்டதே இல்லன்னு அதே மைக்குல சொல்லிட்டான்னா? ஐயா திரும்ப என் கையைத் தூக்கிப் பிடிப்பாகள்லா? எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்னு யோசிச்சேன். நேரா தங்கச்சாமி வீட்டுக்குப் போனேன். அவரு கட்டில்ல கெடந்தாரு. சண்முகத்தாய்தான் இருந்தா. மொதல்ல தெரியாதுன்னா. கொஞ்ச நேரம் ஆச்சு. அந்தாளு கட்டில்ல கெடந்து கத்துதாரே தவிர, எந்திரிச்சு வர முடியலை. பொறவு சொல்லிட்டா. வள்ளியூர், பழைய தபாலாபீஸு, தையக்கடை. சொன்ன பொறவு அவளுக்கும் தண்ணி குடுத்துட்டுத்தான் வந்தேன்.

ஏர்வாடி தாண்டிட்டோம். இனி கிட்டத்துலதான். எறங்குனதும் அந்தக் கடையை மட்டும் காட்டிருங்க, நான் பாத்துக்கிடுதேன்.

என்ன? இப்ப அந்தக் கடை அங்க இல்லையா? தூத்துக்குடிக்கு மாத்திட்டாகளா, எப்ப? நான் வந்து உக்காந்ததும் மகளுக்கு அங்கதான் ஜாக்கெட்டு தைக்காகன்னு சொன்னீங்களே. போன வாரம் குடுத்ததை இன்னைக்கு வாங்கணும்னு வேற சொன்னீங்க. அது வேற கடையா? சரி. சரி.

போனுல என்ன எழுதுதீங்க? மகளுக்கா? மகளுக்கு இப்ப என்னத்துக்கு எழுதணும். குடுங்க, நான் வச்சிருக்கேன். குடுங்கன்னா. ஆ, அப்படி. பத்திரமா இருக்கும்.

எந்திரிக்காதீங்க. கண்டக்டர் அங்கன முன்னால கடேசி ஆளுக்கு டிக்கெட்டு குடுத்துட்டு இருக்காரு, அவருக்குக் கேக்காது. எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு? என் காதைப் பாருங்க, செவந்திருக்கா? பல்லைக் கடிக்கேனா? துளி கோவம் கிடையாது அண்ணாச்சி எனக்கு. உங்க மேலயும் கிடையாது, அவ மேலயும் கிடையாது.

என் வெரலையே பாக்கீங்க. பாக்காதீங்க. நீங்களும் என்கூடச் சேந்து எடுங்க, நல்லா இருக்கும். மொதத் தடவை எல்லாருக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கோங்க. நாலு எண்ணி இழுங்க.